ஏற்காட்டு ஷெட்டில் நிற்கும் ஜீப்பை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. பெங்களூர் விவேக்நகரில் இருக்கிறேன், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சின்ன வயதிலிருந்தே ஜீப் மேல் ஆசை. ஏற்காட்டில் என் மாமனாருக்குத் தெரிந்தவரின் காபி எஸ்டேட்டில் 1988 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் ஒன்று ஆறு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. 90,000 ரூபாய் சொல்கிறார்கள். “நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடியது, பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும்” என்கிறார் எஸ்டேட்காரர். இங்கே பெங்களூரிலேயே 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங் ஒன்று, ஓடும் கண்டிஷனில், 2,60,000-க்கு வருகிறது. என்னிடம் மொத்தமே 3 லட்சம்தான். ஜீப்பை வாங்கி ஆர்மி பச்சை அடித்து, வின்டேஜ் என்று பதிவு செய்துவிட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று) தொல்லை இல்லை என்று நண்பர் சொல்கிறார். எதை வாங்கலாம்? ஏற்காட்டிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஓட்டிக்கொண்டு வராதீர்கள் தம்பி. அந்த வயது ஜீப்பில் நாலு வீலுக்கும் டிரம் பிரேக்தான். ஆறு வருடம் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் ரப்பரெல்லாம் காய்ந்து போயிருக்கும். ஷெட் வாசலில் பெடலை மிதித்துப் பார்த்தால் பிரேக் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் சேலம் இறங்குகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் எந்த ரப்பர் எங்கே கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு ஆர்.சி. காலாவதியான வண்டிக்கு இன்ஷூரன்ஸும் இருக்காது. ரோட்டில் யார் மேலாவது மோதிவிட்டால் 90,000 ரூபாய் வண்டிக்காக வாழ்நாள் முழுக்கக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். லாரியில் ஏற்றித்தான் இறக்க வேண்டும். எங்கே இறக்குவது என்பதில் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்பதுதான் பெரிய விஷயமாக இருக்கிறது. என் பட்டறைக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான் யோசிக்கிறார்கள். பழைய ஜீப் வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது இன்ஜின். முதலில் பேப்பர், அப்புறம் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), அதற்கும் அப்புறம்தான் மற்றதெல்லாம். அந்த ஜீப்பில் வந்தது 2,112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின், எக்ஸ்.டி.பி. 4.90 என்பார்கள். அது எவ்வளவு கெட்டுப் போயிருந்தாலும் போரிங் போடலாம், ஹெட் வேலை பார்க்கலாம், சாமான் தேடி எடுக்கலாம். டீசல் பம்ப் வேலைக்குப் பெங்களூரை விட்டால் வேறு ஊரே வேண்டாம், ஆடுகோடியில் டீசல் பம்ப் செய்த மைக்கோ ஃபேக்டரி இருந்த ஊர், பம்பைத் தொட்டுப் பார்த்தே குறை சொல்லுகிற கைகள் இன்றைக்கும் இங்கே இருக்கின்றன. செத்த ஆர்.சி.யையும் அரித்துப்போன சேசிஸையும் அப்படிப் பட்டறையில் வைத்துச் சரிசெய்துவிட முடியாது.

பேப்பரிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1988 வண்டி என்றால் பழைய மூன்றெழுத்து நம்பராக இருக்கும். அதைப் பரிவாகன் என்கிற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய நம்பர்கள் பல கம்ப்யூட்டரில் ஏறாமலேயே கிடக்கின்றன, உங்களுடையதும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரிஜினல் ஆர்.சி. புக்கைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பிரைவேட் வண்டியாக இருந்தால் முதல் 15 வருடம் 2003-ல் முடிந்திருக்கும், அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும், 2008, 2013, 2018 என்று. கடைசியாக 2018-ல் புதுப்பித்திருந்தால் 2023-ல் ஆர்.சி. முடிந்தது. புதுப்பிக்காமல் விட்டதற்கு மத்திய விதிப்படி மாதத்துக்கு 500 ரூபாய் ஏறும். புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய் ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய வண்டிக்கு அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். 2018-லேயே புதுப்பிக்காமல் எஸ்டேட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் கணக்கு இன்னும் பெரிது. இதையெல்லாம் விலை பேசும்போது கழித்துப் பேச வேண்டும்.

அதைவிட முக்கியம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது. எஸ்டேட் வண்டிகளில் பெரும்பாலும் இப்போது பேசுகிறவர் பெயர் இருக்காது. தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும், பிள்ளைகள் மூன்று பேர் மூன்று ஊரில் இருப்பார்கள். அப்படியானால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு ஃபாரம் 31 போட்டு ஒருவர் பெயருக்கு மாற்றி, அவர் உங்களுக்கு விற்பனைப் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாலும் வண்டி அங்கேயே நிற்கும். இன்னொன்று, ஆர்.சி.யின் பின்பக்கம் ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடனைக் கட்டி முடித்து முப்பது வருடம் ஆகியிருந்தாலும் ஃபாரம் 35 கொடுத்து அந்தப் பெயரை எடுக்காவிட்டால் அது அப்படியேதான் இருக்கும், அந்தக் கம்பெனியே இப்போது இல்லை என்றால் யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பீர்கள்?

பேப்பர் சரி என்று தெரிந்த பிறகு ஏற்காட்டுக்குப் போங்கள். பழைய சட்டை, டார்ச், சின்னச் சுத்தியல், பெரிய ஸ்க்ரூ டிரைவர், ஐந்து மீட்டர் டேப், ஒரு பென்சில், கொஞ்சம் செல்லோடேப், ஒரு ஜாக்கி, இவ்வளவு போதும். பேட்டரி வேண்டாம்.

முதலில் சேசிஸ் நம்பர். நம்பர் அடித்த இடத்தில் மண்ணையும் கிரீஸையும் துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பை அதன்மேல் ஒட்டிப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்து அப்படியே டேப்பில் எடுக்கும். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இப்படித்தான் பிரின்ட் எடுப்பார்கள். அதை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே வரிசையில் இல்லாமல் ஏறி இறங்கி இருந்தாலோ, நம்பரைச் சுற்றி வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, அந்த வண்டியைத் தொடாதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இன்ஜின் நம்பரையும் பாருங்கள். நிறையப் பேர் பழைய பியூஜோ இன்ஜினை எடுத்துவிட்டு மஹிந்திராவின் 2,523 சிசி டி.ஐ. இன்ஜினைப் போட்டிருப்பார்கள். ஓட்டுவதற்கு அது நல்ல இன்ஜின்தான், ஆனால் ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி அனுமதி இல்லாமல் வண்டியை மாற்ற முடியாது, 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

இப்போது கீழே படுங்கள். இதில் அவசரமே வேண்டாம், ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. சேசிஸின் இரண்டு பக்கத் தண்டையும் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சாண் விட்டு ஒரு சாண் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும். உள்ளே அரித்த இடம் ‘டப்’ என்று அடங்கிவிடும். அடங்குகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் முடிந்தது கதை. பின்பக்கக் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் பட்டையின் ஹேங்கர்கள், பாடி உட்காரும் இடங்கள், முன்னால் ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் போட்டிருக்கும் இடம், இந்த நாலும் முக்கியம். ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம் துருவைவிட விரிசல்தான் பயம். தலைமுடி மாதிரிக் கோடு தெரிந்தாலும் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

எஸ்டேட் ஜீப் என்பதால் ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மழையில் நனைவது மட்டும் பிரச்சினை இல்லை. அந்த ஜீப்பில் உர மூட்டை ஏற்றியிருப்பார்கள். மூட்டை கிழிந்து சிந்திய உரம் மழைத் தண்ணீரில் கரைந்து பின் தளத்தின் இடுக்கு வழியாகச் சேசிஸில் இறங்கி, மண்ணோடும் இலைச் சருகோடும் சேர்ந்து அங்கேயே ஈரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த உப்பு மாதிரி இரும்பைத் தின்பது வேறு எதுவும் இல்லை. குடகிலிருந்து ஒரு ஜீப் என் பட்டறைக்கு வந்தது. மேலே புது பெயின்ட், கீழே கரியாக அண்டர்சேசிஸ் பெயின்ட், பார்க்க அவ்வளவு அழகு. வாங்கியவர் பிரேக் வேலைக்காகத்தான் கொண்டுவந்தார். பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கியபோது வண்டி மேலே வரவில்லை, ஜாக்கி குறுக்குச் சட்டத்துக்குள் போனது. கையை விட்டு எடுத்தால் கறுப்பு பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வருகிறது, அதன் பின்னால் சிவப்புப் பொடி மட்டும்தான். அதனால் பழைய வண்டியின் அடியில் புதுக் கறுப்பு பெயின்ட் தெரிந்தால் எதை மறைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். உங்கள் ஜீப் மண்ணும் சருகுமாக நிற்கிறது என்றால் அது நல்ல செய்தி, யாரும் இன்னும் எதையும் மறைக்கவில்லை.

தட்டி முடித்த பிறகு டேப் எடுத்து முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், அப்புறம் சேசிஸில் குறுக்காக மூலைக்கு மூலை. பெரிய வித்தியாசம் வந்தால் எங்கேயோ உருண்டிருக்கிறது அல்லது ஓங்கி மோதியிருக்கிறது.

பாடி ஓட்டையாக இருக்கிறதே என்று மட்டும் பின்வாங்காதீர்கள். ஜீப் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருப்பது, கழற்றிவிடலாம். தரை போனால் தகடு அடிக்கலாம், முழுக்கப் போனால் புது டப்பே (ஜீப்பின் முழு பாடி) செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். சேசிஸ் நல்லதாக இருந்து பாடி சல்லடையாக இருக்கும் ஜீப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன், பாடி பளபளத்து சேசிஸ் போன ஜீப்பை வாங்க விட மாட்டேன்.

முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர் வீல் எதற்கு, டீசல் மிச்சமாகட்டும் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். ஷெட்டின் மூலையில் கிடந்தால் அதையும் விலையில் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல். ஷாஃப்ட் மாட்டியிருந்தால் ஃபோர் வீல் லிவரைப் போட்டுவிட்டு ஆள் வைத்து வண்டியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி, முன் ஷாஃப்ட் சுற்றுவதோடு லிவர் தானாகக் கழன்று வராமல் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். முன் வீலை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின்னும் (முன் வீல் திரும்புகிற அச்சு) பேரிங்கும் எப்படி என்று தெரிந்துவிடும். டயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தேயாத கட்டை எவ்வளவு இருந்தாலும் ஐந்தும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 1814 என்றால் 2014-ஆம் ஆண்டு 18-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம்.

இப்போது இன்ஜின். “பேட்டரி போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும்” என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அப்படி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆறு வருடம் அசையாத பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருக்கும். எண்ணெய் ஒரு சொட்டு இல்லாத இடத்தில் செல்ஃப் மோட்டார் வேகத்தில் சுற்றினால் கோடு விழும், ரிங் உடையும். எஸ்டேட்காரர் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்து காட்ட ஆசைப்படுவார், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரண்டு நாள் ஊறவிட்டு, பிறகு முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றி வந்தது என்றால் பாதி நிம்மதி. புது எண்ணெய், புது ஃபில்டர் போட்டு, டீசல் டேங்க்கை இறக்கிக் கழுவி, பம்ப்பையும் நாசிலையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பேட்டரி. வாங்கும்போது செய்ய வேண்டியது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது மட்டும்தான். எண்ணெய் கறுப்பாக இருந்தால் சரி, பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அதற்கும் விலையில் கழியுங்கள்.

வின்டேஜ் விஷயத்தில் உங்கள் நண்பர் தவறாகச் சொல்லியிருக்கிறார். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. உங்கள் ஜீப்புக்கு அது 2038-ல்தான் வரும். வந்தாலும் கண்காட்சி, ராலி மாதிரியான காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், ஆபீசுக்குப் போக முடியாது. ஆர்மி பச்சையும் கூடாது. ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிகளுக்கு மட்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது, போலீஸ் நிறுத்தினால் வாதாட முடியாது. ஆர்.சி.யில் உள்ள கலரையே அடியுங்கள், அந்தக் காலத்து ஜீப்புக்கு அதுதான் பொருத்தமாகவும் இருக்கும்.

எங்கே இறக்குவது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். எல்லோரும் செய்வது, வண்டியை நேராகப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, முழுக்கக் கழற்றி, வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் பேப்பருக்கு அலைவது. நீங்கள் சேலத்தில் இறக்குங்கள். அங்கே ஜீப் தெரிந்த நல்ல மெக்கானிக்கிடம் பிரேக், ஸ்டீயரிங், லைட், ஹாரன், இன்ஜின், டயர் என்று ரோட்டுக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள். பிரேக் பைப்பிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் வரை ஒன்றுகூடப் பழையது வேண்டாம், எலி கடித்த ஒயரிங்கை ஒட்டுப் போடாமல் முழு செட்டாக மாற்றிவிடுங்கள். பெயின்ட் சுமாராக இருந்தால் போதும். இன்ஷூரன்ஸ் போட்டு, அங்கேயே வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து, ஃபாரம் 28-ல் என்.ஓ.சி. (வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்கிற சான்று) வாங்கிக்கொண்டு வாருங்கள். கர்நாடகாவில் மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயதைப் பார்த்துக் கழித்து ஆயுள் வரி போடுவார்கள், அதற்கும் பணம் வைத்திருங்கள். டிங்கரிங், பெயின்டிங், சீட், ஹுட் (மேல் துணிக்கூரை) எல்லாம் இங்கே வந்தபின் மெதுவாகப் பார்க்கலாம். இந்த வழியில் போனால் நடுவில் பணம் தீர்ந்தாலும் உங்களிடம் ஓடுகிற ஜீப் ஒன்று இருக்கும். பாதி கழற்றிய ஜீப்பும் நாலு மூட்டை சாமானும் வீட்டு வாசலில் கிடக்கும்போது அதை யாரும் 50,000-க்குக்கூடக் கேட்க மாட்டார்கள், அந்த நிலையில் விற்றுவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

ஜிப்சி பற்றி. 1,298 சிசி பெட்ரோல் இன்ஜின், பொதுமக்களுக்கு 2019 வரை விற்ற வண்டி, சாமான் கிடைக்கும், கர்நாடகா பதிவாக இருந்தால் என்.ஓ.சி. வேலையும் இல்லை. 1998 வண்டியை ஒழுங்காகப் புதுப்பித்திருந்தால் 2028 வரை ஆர்.சி. இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 3 லட்சத்தில் 2,60,000-ஐக் கொடுத்துவிட்டால் மீதி 40,000, அது டயருக்கும் கிளட்சுக்குமே போதாது. ஓட்டுவதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இன்னும் ஒரு லட்சம் சேர்த்துக்கொண்டு ஜிப்சிக்குப் போங்கள். கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்வதுதான் ஆசை என்றால் ஜீப். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை வாங்கினாலும் தினமும் சில்க் போர்டு ஜங்ஷன் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வர இவை சரிப்படாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத ஜீப்பில், கட்டையான கிளட்சை மிதித்து மிதித்து அந்த டிராஃபிக்கில் போனால் ஒரே மாதத்தில் ஜீப் மேலேயே வெறுப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எடுங்கள்.

விலை. சேசிஸ் சுத்தம், உரிமையாளர் நேரில் இருக்கிறார், ஃபைனான்ஸ் இல்லை என்றால் 60,000-இல் பேச ஆரம்பித்து 75,000-க்குள் முடியுங்கள். முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். 20,000 அட்வான்ஸ் கொடுத்து, ஆர்.சி. புதுப்பித்து என்.ஓ.சி. கைக்கு வரும் அன்று மீதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாமனாருக்குத் தெரிந்தவர்தானே, எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரே என்று கூச்சப்படாதீர்கள், மாமனாரையே பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள். புதுப்பிக்கும்வரை வண்டி அவர் பெயரில்தான் இருக்கப்போகிறது, அதனால் அந்தப் பேப்பர் அவருக்கும் பாதுகாப்புதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யின் இரண்டு பக்கம், டேப்பில் எடுத்த நம்பர், பின் குறுக்குச் சட்டம், ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கம், இவற்றைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.